தீவிலேயே புதைக்கச் சொன்னவர்

கி.பி. 687, மார்ச் மாதம். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை ஒட்டிய கடலில் ஃபார்ன் என்றொரு சிறு பாறைத் தீவு. அங்கே ஆயர் கத்பர்ட் மரணப் படுக்கையில் கிடந்தார். லிண்டிஸ்ஃபார்ன் மடத்துத் துறவிகள் அவரிடம் ஓர் அனுமதி வேண்டி நின்றார்கள். காலமான பிறகு அவர் உடலைத் தங்கள் மடத்துக்கே எடுத்துச்சென்று அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர்கள் ஆசை. கத்பர்ட் சம்மதிக்கவில்லை. தவமிருந்த இந்தத் தீவிலேயே தன்னைப் புதைத்துவிடும்படி சொன்னார். அதற்கு அவர் கொடுத்த காரணம் உலகம் தெரிந்த ஒருவரின் காரணம். தன்னைப் பற்றி ஊரில் ஏதேதோ பேர் பரவிவிட்டது. கல்லறை மடத்தில் இருந்தால் குற்றம் செய்துவிட்டு ஓடிவருகிறவர்கள் எல்லாரும் அங்கே வந்து அடைக்கலம் கேட்பார்கள். அவர்களுக்காக அதிகாரிகளிடம் பரிந்து பேசியே உங்கள் காலம் கழிந்துவிடும் என்றார்.

துறவிகள் விடவில்லை. அந்தச் சுமையை மனமுவந்து சுமப்போம் என்று மன்றாடினார்கள். கடைசியில் அவர் இறங்கி வந்தார். அப்படியானால் ஆலயத்துக்கு உள்ளேயே புதையுங்கள். அப்போதுதான் யாரை உள்ளே விடுவது என்பது உங்கள் கையில் இருக்கும் என்றார்.

அவருடைய கவலை எவ்வளவு நியாயமானது என்பதை அடுத்த ஆயிரம் ஆண்டு வரலாறு காட்டிவிட்டது. தனிமையைத் தவிர வேறெதையும் தனக்கென்று கேட்காத மனிதரின் உடலைச் சுற்றி ஒரு நகரம் எழுந்தது, பேராலயம் எழுந்தது, மன்னருக்கு இணையான அதிகாரம் கொண்ட ஆயர்களின் ஆட்சி எழுந்தது. இன்றும் வட இங்கிலாந்தில் அவர் பெயரைத் தாங்கிய ஆலயங்களும் பள்ளிகளும் ஏராளம். ஆனால் இந்தப் பெருமைகளுக்கு அடியில் இருந்த மனிதர் அவற்றைவிடச் சுவையானவர்.

அவரைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம் இரண்டு நூல்கள். அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்குள் லிண்டிஸ்ஃபார்ன் துறவி ஒருவர் தன் பெயரைக்கூடக் குறிப்பிடாமல் ஒரு வாழ்க்கை வரலாறு எழுதினார். பிறகு 721-ஐ ஒட்டி, ஆங்கிலேய வரலாற்றின் தந்தை என்று போற்றப்படும் பீட் இன்னொன்றை எழுதினார். கத்பர்ட் இறந்தபோது பீட் சிறுவன். இருவரும் சந்தித்ததில்லை. அதனால் பீட் மிகுந்த கவனத்தோடு வேலை செய்தார். பழகியவர்களைத் தேடிக் கேட்டார். எழுதியதை லிண்டிஸ்ஃபார்ன் மூத்தவர்கள் முன்னிலையில் வாசிக்க வைத்து, பிழை இருந்தால் திருத்தச் சொன்னார். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் யார் சொல்லிக் கேட்டேன் என்று பல இடங்களில் பெயரோடு குறிப்பிட்டார். அற்புதங்கள் நிறைந்த நூல்தான். ஆனாலும் அந்த அற்புதங்களுக்கு இடையில் ஏழாம் நூற்றாண்டு மக்களின் பசியும் குளிரும் நோயும் சண்டையும் அப்படியே தெரிகின்றன.

கத்பர்ட் பிறந்தது 634-ஐ ஒட்டி. ரோமானியப் படைகள் பிரிட்டனை விட்டுப் போய் இரண்டு நூற்றாண்டுகள் கடந்திருந்தன. ஜெர்மானிய நிலப்பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய ஆங்கிலோ-சாக்ஸன் மக்கள் பல சிறு அரசுகளாகப் பிரிந்து, தங்களுக்குள் ஓயாமல் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். வடக்கே இருந்த அரசு நார்தம்பிரியா. இன்றைய வட இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தின் தென்கிழக்கும் அதில் அடக்கம். அதன் மன்னர் ஆஸ்வால்டு 635-இல் அயோனா தீவிலிருந்து எய்டன் என்ற ஐரிஷ் துறவியை அழைத்துவந்து, லிண்டிஸ்ஃபார்ன் தீவை அவருக்குக் கொடுத்தார். கடல் ஏறும்போது தீவாகவும் இறங்கும்போது கரையோடு சேர்ந்த நிலமாகவும் இருக்கும் இடம் அது. எய்டன் அங்கே ஒரு மடத்தை நிறுவினார். வடக்கில் கிறிஸ்தவம் பரவியது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

மக்கள் புதிய சமயத்தை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு பீட் ஒரு காட்சியைப் பதிந்துவைத்திருக்கிறார். டைன் ஆற்றின் முகத்துவாரத்தில் துறவிகள் சிலர் தெப்பங்களில் மரம் ஏற்றி வருகிறார்கள். திடீரென்று காற்று மாறி, ஐந்து தெப்பங்களும் கடலுக்குள் இழுத்துச் செல்லப்படுகின்றன. எதிர்க்கரையில் கூடி நிற்கும் குடியானவர்கள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு நன்றாக வேண்டும், எங்கள் பழைய வழிபாட்டைப் பறித்துக்கொண்டார்கள், புதியதை எப்படிச் செய்வதென்று எவனுக்கும் தெரியவில்லை என்கிறார்கள். கூட்டத்தில் நின்ற ஓர் இளைஞன் மட்டும் அவர்களைக் கண்டித்துவிட்டு, மண்டியிட்டு நெற்றி தரையில் படக் குனிந்து வேண்டுகிறான். காற்று திரும்புகிறது, தெப்பங்கள் கரை சேர்கின்றன. அந்த இளைஞன்தான் கத்பர்ட். காற்று திரும்பியதைவிட அந்தக் குடியானவர்களின் குமுறல்தான் இந்தக் கதையில் முக்கியம். மதம் மாறியவர்கள் மன்னர்கள். அதன் குழப்பத்தைச் சுமந்தவர்கள் ஊர் மக்கள். அவர்கள் பேசியது கத்பர்டின் காதில் வாழ்நாள் முழுதும் இருந்திருக்க வேண்டும். பின்னாளில் அவர் செய்த வேலை முழுவதும் அந்தக் குறைக்குப் பதில் சொல்வதாகவே அமைந்தது.

651 ஆகஸ்டு 31 இரவு, மலைச்சரிவில் ஆடுகளுக்குக் காவல் இருந்தபோது, வானத்தில் ஒளிவெள்ளத்துக்கு நடுவே ஓர் ஆன்மா மேலே கொண்டுசெல்லப்படுவதை அவர் கண்டார் என்கிறது வரலாறு. அதே இரவில்தான் எய்டன் இறந்தார் என்ற செய்தி பிறகு வந்தது. கத்பர்ட் துறவு பூண முடிவெடுத்தார். மெல்ரோஸ் மடத்துக்கு அவர் வந்து சேர்ந்த விதமும் கவனிக்கத் தக்கது. குதிரையில் வந்தார், கையில் ஈட்டி இருந்தது, இரண்டையும் வாசலில் பணியாளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். ஆடு மேய்த்த ஏழைப் பையன் என்று பிற்காலத்தில் பலர் வரைந்த படத்துக்கு இது பொருந்தவில்லை. ஓரளவு வசதியான, போர்ப் பயிற்சி பெற்ற குடும்பத்தில் பிறந்தவர் என்றே இதிலிருந்து கொள்ள வேண்டும்.

மெல்ரோஸில் அவருக்கு ஆசானாக வாய்த்தவர் பாய்சில். மடத்தின் துணைத் தலைவர். சில ஆண்டுகள் கழித்து நாடெங்கும் கொள்ளைநோய் பரவியது. கத்பர்டும் அதில் விழுந்தார். துறவிகள் இரவெல்லாம் விழித்திருந்து தனக்காக வேண்டினார்கள் என்று காலையில் கேள்விப்பட்டதும், இத்தனை பேர் வேண்டிய பிறகு படுத்துக் கிடப்பதா என்று கோலையும் காலணியையும் கேட்டு எழுந்துவிட்டார். பிழைத்தார். ஆனால் தொடையில் ஏறிய வீக்கமும் உள்வலியும் சாகும்வரை அவரை விடவில்லை. பாய்சில் பிழைக்கவில்லை. தனக்கு இன்னும் ஏழு நாள்தான் இருக்கிறது என்று அவர் சொன்னபோது, அந்த ஏழு நாளில் எதைப் படிப்பது என்று கத்பர்ட் கேட்டார். யோவான் நற்செய்தியைப் படிப்போம், என்னிடம் உள்ள பிரதியில் ஏழு மடிப்புகள்தான் உள்ளன, நாளைக்கு ஒன்று என்றார் பாய்சில். அப்படியே படித்து முடித்தார்கள்.

ஆசானின் இடத்துக்கு வந்த கத்பர்டின் வாழ்க்கையில் மிக அருமையான பகுதி இனிமேல்தான் தொடங்குகிறது. கொள்ளைநோய்க்குப் பயந்து மக்கள் மறுபடி தாயத்துகளையும் மந்திரங்களையும் நாடிக்கொண்டிருந்தார்கள். அவர் ஊர் ஊராகப் புறப்பட்டார். சிலசமயம் குதிரையில், பெரும்பாலும் நடந்து. மற்ற குருமார் எட்டிப் பார்க்கவும் தயங்கிய மலைக் குடியிருப்புகள் அவை. பாதை கரடுமுரடு, வறுமை கொடிது. அங்கெல்லாம் போனால் ஒரு வாரம், இரண்டு மூன்று வாரம், சிலசமயம் ஒரு மாதம்கூடத் திரும்ப மாட்டார். மக்களோடு மக்களாகத் தங்கிப் போதித்தார். தங்கள் மனத்தில் உள்ளதை அவரிடம் மறைக்க யாராலும் முடியவில்லை என்று எழுதுகிறார் பீட்.

அவருடைய பயணங்களில் இரண்டு சம்பவங்கள். முதலாவது அவர் மடத்தில் சேர்வதற்கு முன் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை. கத்பர்ட் நோன்பிருந்தார். வழியில் ஒரு வீட்டுப் பெண்மணி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லியும் மறுத்துவிட்டார். மாலையாகிவிட்டது, அடுத்த ஊர் தொலைவில். கோடையில் மட்டும் மேய்ப்பர்கள் தங்கும் பாழடைந்த குடிசை ஒன்றில் ஒதுங்கினார். குதிரையைச் சுவரோரம் கட்டி, காற்று பிய்த்துப்போட்ட கூரை வைக்கோலைத் தின்னப் போட்டுவிட்டு, ஜெபத்தில் அமர்ந்தார். குதிரை தலையைத் தூக்கிக் கூரையிலிருந்தும் வைக்கோலை இழுத்தது. கூடவே துணியில் சுற்றிய ஒரு பொதி விழுந்தது. உள்ளே பாதி ரொட்டி, சூடு ஆறாமல், கூட இறைச்சி. கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு ரொட்டியை இரண்டாகப் பிய்த்தார். பாதி குதிரைக்கு. இதைக் கத்பர்டின் வாயாலேயே கேட்டவர் இங்வால்டு என்ற குருவானவர் என்று பீட் பெயர் குறிப்பிடுகிறார்.

இன்னொரு நாள், ஒரு சிறுவனோடு ஆற்றோரமாக நடந்துகொண்டிருந்தார். கையில் கட்டுச்சோறு எதுவும் இல்லை. கழுகு ஒன்று மீனோடு கரையில் இறங்கியது. பையன் ஓடிப்போய் முழு மீனையும் எடுத்து வந்துவிட்டான். நமக்காக மீன் பிடித்தவருக்குப் பங்கு வைக்காமல் வந்துவிட்டாயே என்று கடிந்துகொண்டு, பாதியைக் கழுகுக்குத் திருப்பிக் கொடுக்க வைத்தார். பிறகு பக்கத்து ஊரில் மீதியைச் சமைத்து, அந்த வீட்டாருக்கும் கொடுத்து, எல்லாரும் சாப்பிட்டார்கள்.

நீர்நாய்க் கதைதான் எல்லாவற்றிலும் புகழ்பெற்றது. எப்பா என்ற பெண் துறவியின் மடத்துக்கு, கோல்டிங்ஹாமுக்கு, அவர் அழைக்கப்பட்டிருந்தார். இரவில் எல்லாரும் தூங்கிய பிறகு வெளியே போவதைக் கண்ட ஒரு துறவி சந்தேகப்பட்டு மறைந்து பின்தொடர்ந்தார். கத்பர்ட் கழுத்தளவு கடலில் இறங்கி, அலைகளுக்கு நடுவே விடியும்வரை இறைவனைப் பாடினார். கரையேறி மண்டியிட்டபோது இரண்டு நீர்நாய்கள் வந்து மூச்சுக்காற்றால் அவர் பாதங்களைச் சூடேற்றி, ரோமத்தால் துடைத்தன. பின்தொடர்ந்த துறவி பயத்தில் நிலைகுலைந்து, மறுநாள் வந்து மன்னிப்புக் கேட்டார். தான் இறக்கும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு கத்பர்ட் மன்னித்தார். வடகடல் நீர் எலும்பைத் துளைக்கும். அந்தத் தவத்தின் கடுமையை ஐரிஷ் துறவிகளிடமிருந்து அவர் வாங்கிக்கொண்டார்.

அந்த ஐரிஷ் மரபுக்கே சோதனை வந்தது 664-இல். ஈஸ்டர் திருநாளைக் கணிக்கும் முறையில் ஐரிஷ் துறவிகளுக்கும் ரோமுக்கும் வேறுபாடு. கேட்பதற்கு நாள்காட்டிச் சிக்கல். ஆனால் நார்தம்பிரிய அரண்மனையில் அது எப்படி இருந்தது என்று பாருங்கள். மன்னர் ஆஸ்வியூ ஐரிஷ் முறைப்படி; கெண்ட் நாட்டுச் சம்பந்தமுள்ள ராணி ரோம் முறைப்படி. சில ஆண்டுகளில் மன்னர் நோன்பு முடித்துத் திருநாள் விருந்தில் இருக்கும்போது ராணி இன்னும் தவக்காலத்தில் இருந்தார். தலைமுடி மழிக்கும் விதத்திலும் தகராறு இருந்தது. விட்பி என்ற இடத்தில், ஹில்டா என்ற பெண் துறவி நடத்திய மடத்தில் சபை கூடியது. மன்னர் ரோம் பக்கம் தீர்ப்புச் சொன்னார். லிண்டிஸ்ஃபார்ன் ஆயர் கோல்மன் அதை ஏற்காமல், தன் கூட்டத்தோடு அயர்லாந்து திரும்பிவிட்டார்.

கத்பர்ட் ஐரிஷ் முறையில் வளர்ந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் இதே காரணத்தால் ரிப்பன் மடத்தை விட்டு வெளியேறவும் நேர்ந்திருந்தது. ஆனாலும் சபையின் முடிவை ஏற்றார். உடைந்துபோன லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைப் புதிய ஒழுங்குக்குக் கொண்டுவரும் வேலை அவர் தலையில் விழுந்தது. பழக்கத்தை மாற்ற மனமில்லாத துறவிகள் கூட்டங்களில் அவரைக் கடுமையாக ஏசினார்கள். பேச்சு எல்லை மீறும்போது அவர் முகம் மாறாமல் எழுந்து, கூட்டத்தைக் கலைத்துவிட்டுப் போய்விடுவார். மறுநாள் நேற்று ஒன்றுமே நடக்காதது போல, அதே அறிவுரையை அதே குரலில் சொல்லத் தொடங்குவார். எத்தனை மாதம் இப்படி நடந்ததோ, அவர்கள் வழிக்கு வந்தார்கள். சபையில் வென்ற கட்சி, தோற்ற கட்சி என்று பிளவு நிலைத்துவிடாமல் வடக்கைக் காப்பாற்றியதில் இந்தப் பொறுமைக்குப் பெரிய பங்கு உண்டு. என் கணக்கில் இது நீர்நாய்க் கதையைவிடப் பெரிய அற்புதம்.

அவருடைய உடை சாதாரணமானது. பளிச்சென்றும் இருக்காது, அழுக்காகவும் இருக்காது. சாயம் ஏற்றாத கம்பளியே போதும் என்பது அவரைப் பார்த்து மடத்தில் வழக்கமாகிவிட்டது. தோல் காலணியை ஒரு ஈஸ்டருக்கு முன் கழற்றினால், அடுத்த ஆண்டு பாதம் கழுவும் சடங்குக்குத்தான் மறுபடி கழற்றுவார். ஓயாமல் மண்டியிட்டதில் காலணியின் விளிம்பு உரசி, காலில் நீளமாகக் காய்த்துப்போயிருந்தது. திருப்பலியைக் கண்ணீர் வடிக்காமல் அவரால் நிறைவேற்ற முடிந்ததில்லை. பாவம் அறிக்கையிட வந்தவர்கள் அழுவதற்கு முன் அவர் அழுதுவிடுவார்.

676-இல் மடப் பொறுப்பிலிருந்து விடுபட்டு ஃபார்ன் தீவுக்குப் போனார். தண்ணீர் இல்லை, மரம் இல்லை, பேய்கள் உலவும் தீவு என்ற பேர் வேறு. அங்கே வட்டமாக ஒரு குடிலைக் கட்டினார். சுவர் வெளியிலிருந்து பார்த்தால் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். உள்ளே பாறையை வெட்டி இறக்கியிருந்ததால் இன்னும் உயரம். உள்ளே நிற்பவருக்கு வானத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. அதற்காகத்தான் அப்படிக் கட்டினார். பாறையில் தோண்டித் தண்ணீர் கண்டார். பிறர் உணவு கொண்டுவருவதை நம்பியிருக்கக் கூடாது என்று கோதுமை விதைத்தார், முளைக்கவில்லை. பருவம் தப்பிப் பார்லி விதைத்தார், விளைந்தது. பறவைகள் கூட்டமாக வந்து மேயத் தொடங்கியதும், நீங்கள் விதைக்காததை ஏன் எடுக்கிறீர்கள், கடவுள் உங்களுக்கு அனுமதி தந்திருந்தால் எடுங்கள், இல்லையென்றால் போய்விடுங்கள் என்று பேசினாராம். போய்விட்டன. விருந்தினர் குடிசையின் கூரையைப் பிய்த்த இரண்டு அண்டங்காக்கைகள் திட்டு வாங்கி, பிறகு மன்னிப்புக் கேட்கத் திரும்பி வந்தன. வரும்போது ஒரு துண்டுப் பன்றிக்கொழுப்பைக் காணிக்கையாகக் கொண்டுவந்தன. கத்பர்ட் அதைப் பத்திரமாக வைத்திருந்து, வருகிற துறவிகளுக்குக் காலணியில் பூசிக்கொள்ளக் கொடுப்பார். இந்த ஒரு வரிக்காகவே அந்தக் கதையை நம்பத் தோன்றுகிறது. ஈரக்காற்றில் தோல் விறைத்துப்போகும் ஊரில் கொழுப்பின் அருமை தெரிந்தவர்கள் சொன்ன கதை அது.

அந்தத் தீவுகளில் கூடு கட்டும் ஈடர் வாத்துகளுக்கு அவர் பாதுகாப்பு அளித்தார் என்ற மரபும் உண்டு. அதை விரிவாகச் சொல்பவர் பன்னிரண்டாம் நூற்றாண்டு டர்ஹாம் துறவி ரெஜினால்டு; பீட் நூலில் இல்லை. இன்றும் அந்த வட்டாரத்தில் அந்த வாத்தைக் கத்பர்டின் செல்லப் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

தனிமை நீடிக்கவில்லை. 684-இல் டுவைஃபர்டில் கூடிய சபை அவரை ஆயராகத் தேர்ந்தெடுத்தது. தலைமை தாங்கியவர் கேன்டர்பரி பேராயர் தியடோர். புனித பவுல் பிறந்த தார்சு நகரத்துக் கிரேக்கர், இங்கிலாந்துத் திருச்சபையை ஒழுங்குபடுத்த முதுமையில் அனுப்பப்பட்டவர். ஓலை மேல் ஓலை அனுப்பியும் கத்பர்ட் வரவில்லை. கடைசியில் மன்னர் எக்ஃபிரித்தே படகேறித் தீவுக்கு வந்தார். கூட ஆயர் டிரம்வைனும் பெரிய மனிதர்களும். எல்லாரும் மண்டியிட்டுக் கண்ணீரோடு வேண்டினார்கள். அவரும் கண்ணீரோடுதான் வெளியே வந்தார். 685 மார்ச் 26, ஈஸ்டர் நாளில், யார்க் நகரில் ஏழு ஆயர்கள் கூடியிருக்க அவருக்குத் திருநிலைப்பாடு நடந்தது. முதலில் ஹெக்சாம் மறைமாவட்டம் கொடுக்கப்பட்டது. தன் பழைய தலைவர் ஈட்டாவோடு மாற்றிக்கொண்டு லிண்டிஸ்ஃபார்னுக்கே வந்தார்.

இரண்டே மாதத்தில் நாடு கவிழ்ந்தது. நண்பர்கள் தடுத்தும், குறிப்பாகக் கத்பர்ட் தடுத்தும் கேளாமல், எக்ஃபிரித் வடக்கே பிக்ட் மக்கள் மீது படையெடுத்தார். மே 20 அன்று கத்பர்ட் கார்லைல் நகரில் இருந்தார். போரின் முடிவுக்காக ராணி அங்கே காத்திருந்தார். நகர அதிகாரி வாகா, ரோமானியர் கட்டிய மதிலையும் வியப்பான நீரூற்றையும் ஆயருக்குச் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று கத்பர்ட் கோலில் சாய்ந்து தலை குனிந்தார். பிறகு வானத்தை நோக்கிப் பெருமூச்சு விட்டார். இந்நேரம் போர் முடிந்திருக்கும் என்று மட்டும் சொன்னார். பிறகு தகவல் வந்தது. அதே நாள், அதே நேரத்தில், நெக்டன்ஸ்மியர் என்ற இடத்தில் மன்னரும் படையும் அழிந்திருந்தார்கள். நார்தம்பிரியாவின் எழுச்சி அன்றோடு முடிந்தது.

ஆயராக அவர் இருந்தது இரண்டு ஆண்டுகள்கூட இல்லை. அந்தக் காலத்தைப் பழைய வேலைக்கே கொடுத்தார். கொள்ளைநோய் மறுபடி வந்திருந்தது. ஒரு கிராமத்தில் மிஞ்சியிருந்த எல்லாரையும் பார்த்துவிட்டு, கூட வந்த டிடி என்ற குருவிடம், இன்னும் யாராவது பாக்கி இருக்கிறார்களா என்று கேட்டார். சற்றுத் தள்ளி ஒரு பெண் நின்றாள். ஒரு மகனை அடக்கம் செய்துவிட்டு வந்தவள்; கையில் இன்னொரு மகன், உயிர் போகும் நிலையில். கத்பர்ட் நேராக அவளிடம் போனார். நோய் கண்ட குழந்தையை முத்தமிட்டார். பயப்படாதே, உன் பிள்ளை பிழைப்பான், இனி உன் வீட்டில் யாரும் இந்நோயில் சாக மாட்டார்கள் என்றார். அந்தத் தாயும் மகனும் நீண்டகாலம் வாழ்ந்து அதற்குச் சாட்சி சொன்னார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் யாரும் நெருங்காத பிள்ளையை முத்தமிட எவ்வளவு துணிவு வேண்டும் என்பதைப் பெருந்தொற்றுக் காலத்தைக் கடந்து வந்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

686 கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஃபார்னுக்குத் திரும்பினார். எப்போது வருவீர்கள் என்று கேட்ட முதிய துறவியிடம், என் உடலை நீங்கள் கொண்டுவரும்போது என்றார். பிப்ரவரி இறுதியில் நோய் முற்றியது. புயலால் ஐந்து நாள் யாராலும் தீவுக்குப் போக முடியவில்லை. கடல் அடங்கியதும் போன மடத்தலைவர் ஹெரிஃபிரித், கரையோர விருந்தினர் குடிசையில் அவரைக் கண்டார். தன்னைப் பார்க்க வருகிறவர்கள் சிரமப்படக் கூடாது என்று அந்த உடம்போடு இறங்கி வந்திருந்தார். ஐந்து நாளும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது, போர்வையை விலக்கி ஐந்து வெங்காயங்களைக் காட்டினார். ஒன்றில் மட்டும் பாதிக்கும் குறைவாகக் கடித்த தடம் இருந்தது. மார்ச் 20-ஆம் தேதி உயிர் பிரிந்தது. ஒரு துறவி இரண்டு தீப்பந்தங்களை ஏற்றி உயர்த்திப் பிடிக்க, லிண்டிஸ்ஃபார்ன் கண்காணிப்பு மேடையில் இருந்தவர் கண்டு ஓடினார்.

பதினோரு ஆண்டு கழித்து, 698-இல், எலும்புகளை எடுத்துச் சிறு பேழையில் வைக்கலாம் என்று கல்லறையைத் திறந்தார்கள். உடல் அழியாமல் இருந்தது, மூட்டுகள்கூட மடங்கின. அன்றிலிருந்து கதை மாறுகிறது. கிறிஸ்துவும் திருத்தூதர்களும் வானதூதர்களும் செதுக்கப்பட்ட மரப்பேழை செய்யப்பட்டது. அவர் நினைவைப் போற்றி ஆயர் எட்ஃபிரித் தன் கையால் எழுதி வண்ணம் தீட்டியதுதான் உலகப் புகழ்பெற்ற லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூல். பத்தாம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்ற குரு அதன் லத்தீன் வரிகளுக்கு இடையில் பழைய ஆங்கிலத்தில் பொருள் எழுதினார். இன்று கிடைக்கும் நற்செய்தி நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகளில் மிகப் பழையது அது.

793-இல் வைக்கிங் கொள்ளையர்கள் லிண்டிஸ்ஃபார்னைச் சூறையாடினார்கள். 875-இல் துறவிகள் தீவை விட்டே கிளம்பினார்கள். பேழையைத் தோளில் சுமந்து ஏழு ஆண்டு அலைந்து, செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட்டில் தங்கினார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 995-இல், ஆறு வளைந்தோடும் பாறைக்குன்றான டர்ஹாமுக்கு வந்து சேர்ந்தார்கள். இன்று நாம் பார்க்கும் பேராலயத்துக்கு 1093-இல் நார்மானியர் அடிக்கல் நாட்டினார்கள். 1104-இல் உடல் அங்கே வைக்கப்பட்டது.

அவர் பயந்தது டர்ஹாமில்தான் முழுதாக நடந்தது. குற்றவாளிகள் ஓடிவந்து பேராலயத்தின் வடக்கு வாசலில் விகாரமான சிங்கமுக வெண்கல வளையத்தைத் தட்டினால் 37 நாள் அடைக்கலம். அதற்குள் விசாரணையை எதிர்கொள்ளலாம், அல்லது நாட்டை விட்டு வெளியேறலாம். 1464 முதல் 1524 வரை வந்தவர்களின் பதிவேடே இருக்கிறது. இங்கிலாந்தில் ஆலய அடைக்கல உரிமை பதினேழாம் நூற்றாண்டில்தான் ஒழிக்கப்பட்டது.

இன்னொரு அநியாயமும் அவர் பெயரால் நடந்தது. டர்ஹாம் பேராலயத்தின் தரையில் ஒரு கருங்கல் கோடு உண்டு. முற்காலத்தில் பெண்கள் அதைத் தாண்டிப் போகக் கூடாது என்று தடை இருந்தது. கத்பர்டுக்குப் பெண்கள் ஆகாது என்று காரணம் சொன்னார்கள். வாழ்ந்த காலத்தில் எப்பா அழைத்து அவர் போனார். விட்பி மடத்துத் தலைவி எல்ஃபிளெட் தன் அண்ணன் எக்ஃபிரித்தின் ஆயுளைப் பற்றிக் கவலைப்பட்டபோது, அவரைச் சந்திக்கத் தீவிலிருந்து கிளம்பி வந்தார். தன்னை வளர்த்த தாயை அடிக்கடி போய்ப் பார்த்தார். வெர்கா என்ற மடத்தலைவி கொடுத்த துணியை, அவர்மேல் உள்ள அன்பால் எடுத்துவைத்திருந்து, அதில்தான் தன்னைச் சுற்றிப் புதைக்கும்படி சொன்னார். 1083-இல் டர்ஹாமில் திருமணமான குருக்களை அகற்றிவிட்டு பெனடிக்ட் துறவிகள் அமர்த்தப்பட்டார்கள். அந்தக் கருங்கல் கோடு அவர்கள் காலத்து மனநிலை. புனிதர் மேல் ஏற்றிச் சொன்ன பொய் அது.

எட்டாம் ஹென்றி காலத்தில் ஆணையர்கள் வந்து திருத்தலத்தை உடைத்தார்கள். பேழையைச் சம்மட்டியால் உடைத்த பொற்கொல்லன் உள்ளே உடல் முழுதாக இருப்பதைக் கண்டு பதறினான் என்கிறது பேராலய மரபு. பிறகு அதே இடத்தில் தரைக்கடியில் புதைத்தார்கள். 1827-இல் ஜேம்ஸ் ரெய்ன் தலைமையில் மறுபடி திறந்தபோது எலும்புக்கூடுதான் இருந்தது. உடைகளின் மடிப்புக்குள், பொன்னில் செந்நிறக் கற்கள் பதித்த சிறு மார்புச் சிலுவை இருந்தது. உடைந்து ஒட்டிச் சரிசெய்த தடம் அதில் தெரிகிறது. அதுவும் மரப்பேழையின் துண்டுகளும் இன்று பேராலய அருங்காட்சியகத்தில் உள்ளன.

1104-இல் பேழையைத் திறந்தபோது உள்ளங்கை அகல நூல் ஒன்றும் கிடைத்தது. யோவான் நற்செய்தி, எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதப்பட்டது. பழைய சிவப்புத் தோல் கட்டு குலையாமல் கிடைத்த ஐரோப்பிய நூல்களில் மிகத் தொன்மையானது. பாய்சிலோடு அவர் ஏழு நாளில் படித்து முடித்தது இதே நற்செய்திதான். 2012-இல் பிரிட்டிஷ் நூலகம் இதை 90 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. லண்டனிலும் வடகிழக்கிலும் சம காலம் காட்சிக்கு வைப்பது என்பது ஒப்பந்தம்.

கத்பர்டின் பெருமையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அழியாத உடலையும் நீர்நாய்களையும் பேசுகிறார்கள். அவர் வாழ்க்கையின் உயிர் மலைக் கிராமங்களில் கழித்த வாரங்களில்தான் இருக்கிறது. பீட் எழுதிய வரலாறு 46 சிறு அத்தியாயங்கள் கொண்டது. ஆங்கில மொழிபெயர்ப்பு எளிதாகக் கிடைக்கிறது. படிக்க விரும்புகிறவர்கள் அந்தக் கிராமப் பயணங்களைச் சொல்லும் ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள்.